பின்லாந்துப் பாட்டில் ஓர் அண்ணா

நம் வயதுக்காரர் எல்லாரும் முதல் ஸ்னோவைப் பற்றித்தான் எழுதித் தள்ளுகிறீர்கள். கத்தோலிக்கப் பங்குக் கோயில் மலரைத் திறந்தாலும் அதுதான், வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் அதுதான். விமானம், ஸ்னோ, சப்பாத்துக்குள் புகுந்த ஈரம், பெயரைக் கடித்துக் குதறிய ரீச்சர். குறை சொல்லவில்லை. எனக்கும் அதே விமானம், அதே ஈரம். ஆனால் மொன்றியலில் என் முதலாவது மாரியை, அந்தக் குளிர்காலத்தை, நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது ஒரு சூட்டுக் குழாய். குழாயைப் பற்றி எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று இத்தனை காலமும் எழுதாமல் இருந்தேன். அம்மாவும் போய் இரண்டு வருடமாகிறது. இனி நான் சொல்லாவிட்டால் இதைத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நடு மாடியில் இருந்தோம். வரவேற்பறையில் யன்னலுக்குக் கீழே இரும்பு ஹீற்றர். அதிலிருந்து ஒரு குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போகும். குழாய்க்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியே பகலெல்லாம் கோப்பி மணம் வரும். சனி ஞாயிறுகளில் பாட்டும் வரும்.

எனக்குப் பத்து வயது. பிரெஞ்சு பழக்கும் வகுப்பில் விட்டிருந்தார்கள். அங்கே என் வாயிலிருந்து வந்த சொற்கள் இரண்டு: பொன்ஜூர், மெர்சி. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. இடையில் ஏழு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் பேச ஆளில்லை. அப்பா எங்களுக்கு மூன்று வருடம் முன்னரே வந்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் படத்தில் பார்த்த ஆள், அவ்வளவுதான். அம்மா யன்னலோடு யன்னலாக நின்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தபாலில் வரவேண்டியது அண்ணாவின் கடிதம். அண்ணாவுக்குப் பதினேழு வயது; எனக்காக அம்மாவும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எங்களோடு வந்திருக்க வேண்டியவன். "சோதினை எழுதிப்போட்டு வரட்டும், படிப்புக் குழம்பக் கூடாது" என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்து அவனை யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். இப்போது நான் அவனைவிட மூன்று மடங்கு மூத்தவள். அதனால்தான் அவன் இவன் என்று எழுதுகிறேன். அந்த வயதில் அப்படிச் சொல்லியிருந்தால் வாயில் அடி விழுந்திருக்கும்.

ஐப்பசிக்குப் பிறகு கடிதம் வரவில்லை. ஊரில் சண்டை, தபால் ஓடவில்லை என்று அப்பா சொன்னார். அம்மா அதை நம்பினார். நம்பியதோடு நிற்காமல், கோயில் பேஸ்மென்றில் பழைய உடுப்பு விற்ற இடத்திலே அண்ணாவுக்கென்று நீல நிறத்தில் ஒரு குளிர் கோட்டு வாங்கி வந்து வாசல் கதவுக்குப் பின்னால் கொழுவிவிட்டார். தை மாதம் வந்து இறங்கினால் பிள்ளை விறைத்துப்போய்விடுமாம். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்தக் கோட்டு அசையும். பின்னேரங்களில் அதைக் கண்டு நான் இரண்டு மூன்று தரம் திடுக்கிட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் குழாயோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். கீழே கசெட்டில் ஒரு பெண் பாடினாள். நடனத்துக்கு ஏற்ற தாளம், ஆனால் மெட்டு அழுதுகொண்டிருந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. திடீரென்று தெளிவாகக் கேட்டது: "அண்ணா..." அதற்குப் பிறகு இன்னொரு சொல். பிறகு மறுபடியும் "அண்ணா..."

"அம்மா! கீழ ஆரோ அண்ணாவைக் கூப்பிடுகினம்!"

அம்மா வெங்காயம் உரித்த கையோடு ஓடிவந்து தரையில் குந்தினார். குழாயோடு காதை வைத்தார். சுட்டிருக்கும், ஆனால் எடுக்கவில்லை.

"ஓமடி பிள்ளை. அண்ணா எண்டுதான் சொல்லுறா."

"அண்ணா, கேட்டியே எண்டு கேக்கிறா, அம்மா."

"இல்லை. கேட்டாச்சு எண்டு சொல்லுறா. வடிவாக் கேள்."

அன்றைக்கு அந்தப் பாட்டு மூன்று தரம் ஓடியது. மூன்று தரமும் எனக்குக் கேள்வியாகவும் அம்மாவுக்குப் பதிலாகவும் கேட்டது. அப்பா வேலையால் வந்ததும் சொன்னோம். "அது வெள்ளைக்காரப் பாட்டு. அதில எங்கட அண்ணா எங்கால வாறது?" என்று எரிந்து விழுந்தார். அவ்வளவு கோபம் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா றோல்ஸ் பொரித்து ஒரு தட்டில் அடுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனார். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது சொச்சம் இருக்கும். துணித் தொழிற்சாலையில் தையல் வேலை. சாம்பல் நிறத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். சட்டையில் நூல் துண்டுகள் ஒட்டிக்கிடந்தன. பின்லாந்துக்காரி. எனக்குக் கொன்வென்ற் ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. அவருடைய ஆங்கிலமும் அதே அளவுதான் என்பது பெரிய ஆறுதல். நான் அவரைக் கீழ்வீட்டு அன்ரி என்று கூப்பிட்டேன். அம்மாவுக்கு அவர் கடைசிவரை கீழ்வீட்டு மனுசிதான்.

அம்மா தட்டை நீட்டினார். அன்ரி கூச்சத்தில் தன் மொழிக்குள் விழுந்துவிட்டார். "ஏய், ஏய்," என்று இரண்டு கையாலும் தட்டைத் தள்ளினார்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "பலகாரம் கொண்டந்த என்னை ஏய் எண்டு கூப்பிடுறா, பாத்தியே!"

பின்லாந்து மொழியில் ஏய் என்றால் வேண்டாம், இல்லை என்று அர்த்தம். அது விளங்க அரை மணித்தியாலமானது. அதற்குள் அன்ரி மூன்று றோல்ஸ் சாப்பிட்டு, உறைப்பில் கண்ணால் நீர் வடிய, கோப்பி ஊற்றித் தந்திருந்தார்.

அப்போதுதான் அம்மா வந்த காரியத்தைத் தொடங்கினார். மேசையில் கசெட் பிளேயர் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, அன்ரியின் முகத்தைப் பார்த்து, "அண்ணா?" என்று கேட்டார். உன்னுடைய அண்ணனா, அவரையா கூப்பிடுகிறாய் என்பது கேள்வி. அன்ரி அப்படியே நின்றுவிட்டார். அம்மா இன்னும் கொஞ்சம் உரத்து, "அண்ணா? அண்ணா?" என்றார். அன்ரி மெல்லப் பிளேயரைத் திறந்து, கசெட்டை வெளியே எடுத்து, அம்மாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

அவர்கள் மொழியில் அன்னா என்றால் தா.

எனக்கு அதை உறுதிப்படுத்திச் சொன்னது அன்ரிதான். பதினாலு வயதில், நாங்கள் செயின்ட்-மிஷேலுக்கு வீடு மாறும்போது, விடைபெறப் போயிருந்தேன். "அந்தக் கட்டடத்தில் அவ்வளவு காலம் இருந்தும் ஒருவரும் என் மொழியில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. உன் அம்மா வந்து 'தா, தா' என்றார். நான் கொடுக்காமல் எப்படி?" என்றார். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லை.

கசெட் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பிறகு பாட்டுக் கேட்க அன்ரி மேலே வரவேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் நாங்கள் கசெட்டோடு கீழே போவோம். அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க அப்படித்தான் போனது. எல்லாம் அவர்களின் யுத்த காலத்துப் பாட்டுகள். எங்கள் ஆட்களிடம் அப்போது கைமாறிய கசெட்டுகளில் இரத்தமும் மண்ணும் சபதமுமாக இருக்கும். அன்ரியின் பாட்டுகளில் எதிரியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லையாம். ரயில் நிலையம், துறைமுகம், கடிதம், ஒரு ரோசாப்பூ. யுத்தம் நடந்தபோது பின்லாந்தில் நடனமாடத் தடையாம், போர்முனையில் பையன்கள் சாகும்போது ஆடக் கூடாதென்று. ஆனால் நடனப் பாட்டுகளை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். சனங்கள் கதிரையில் இருந்தபடி கேட்டார்களாம். "கால் மட்டும் மேசைக்குக் கீழே ஆடும்," என்று அன்ரி செய்தும் காட்டினார்.

அவருக்கு யுத்தம் அவ்வளவாக ஞாபகமில்லை. ஆறு வயதில் கழுத்தில் பெயர் எழுதிய அட்டையை மாட்டிக் கப்பலேற்றி சுவீடனுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் போனார்களாம். பத்து வயதில் திரும்பி வந்து இறங்கியபோது துறைமுகத்தில் அவருடைய தாய் ஓடிவந்து கட்டிப்பிடித்து ஏதோ சொன்னார். அது என்னவென்று அன்ரிக்கு விளங்கவில்லை. மொழி போய்விட்டது. தாய்க்குச் சுவீடிஷ் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

பிறகு பின்லாந்து மொழியை அவர் மறுபடி பழகியது வானொலியில் போன யுத்தப் பாட்டுகளையும் ஊர் மண்டபத்தில் காட்டிய யுத்தப் படங்களையும் கேட்டுத்தான். அதனால் "எனக்காகக் காத்திரு" என்று சொல்லத் தெரிந்து பல மாதம் கழித்துத்தான் "உப்பு எங்கே" என்று கேட்கத் தெரிந்ததாம். ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்களாம், காதலி மாதிரிக் கதைக்கிறாள் என்று.

"அட்டை மாட்டின பிள்ளைகளைப் பற்றிப் பாட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

அன்ரி தலையாட்டி, "ஏய்," என்றார்.

மார்கழி, அதாவது டிசம்பர், ஆறாம் திகதி அவர்களின் சுதந்திர தினம். அன்றைக்கு வீட்டு யன்னலில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி வைப்பார்களாம். வருடா வருடம் அன்றைக்கே ரிவியில் ஒரு யுத்தப் படமும் போகும். நாடே இருந்து பார்க்கும். வசனமெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம், பஸ் பிந்தினால் ஒரு வசனம், சூப் ஆறிவிட்டால் இன்னொரு வசனம். அன்ரியின் தங்கை அப்படிப் பழைய படமொன்றை வீடியோவில் பதிந்து அனுப்பியிருந்தார். ஆனால் கனடா டெக்கில் அந்த நாட்டுக் கசெட் ஓடாது. அன்ரி போட்டுக் காட்டினார். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். "இரண்டு வருடமாக இந்த ஸ்னோவைத்தான் பார்க்கிறேன்," என்றார்.

நான்தான் வாயைக் கொடுத்தேன். "எங்கட கசெட் அண்ணையிட்டை எல்லா நாட்டுக் கசெட்டும் ஓடும்."

உங்களுக்கு அந்த மாதிரி ஒருவரைத் தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு நகரத்திலும் ஒருவர் இருந்தார். எங்கள் தெருவில் இருந்தவர் தன் வீட்டு ஹோலிலேயே படக் கசெட்டுகளை வாடகைக்குக் கொடுத்தார். ஊரிலிருந்து வரும் கசெட்டுக்காகச் சிங்கப்பூரிலிருந்து தருவித்த டெக் அவரிடம் இருந்தது. ஒரு டெக்கில் ஓடவிட்டு மற்றதில் பதிவார். படம் ஓடும் நேரம் முழுவதும் பதியும் நேரம், ஆகவே ஹோலில் இருக்கிற எல்லாரும் பார்த்தே ஆகவேண்டும். ஞாயிறு பூசை முடிந்தால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான். ஊரிலிருந்து கடிதம் கொண்டுவருபவர்களும் அவருடைய விலாசத்துக்குத்தான் கொண்டுவருவார்கள்.

அந்த வருடம் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அன்ரி சட்டையில் ஒரு வெள்ளி புரோச் குத்தி, உதட்டுக்குச் சாயம் பூசி வந்தார். அம்மா அவரைக் கைப்பிடியாக சோபாவில் இருத்தினார். அப்பா சுவரோரமாக நின்றார். நாலைந்து ஆண்கள் நிலத்தில். நான் டெக்குக்குப் பக்கத்தில். டெக்கின் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். காடு, ஸ்னோ, ஒரு குதிரை வண்டி, அதற்குச் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை. ஊரில் உள்ள குதிரைகளை எல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டு போகிறது. தன் குதிரையை விட மனமில்லாத ஒரு பெடியன் அதனோடு தானும் போகிறான். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"உவங்கள் ஜேர்மன்காரர்."

"விசரே? ஜேர்மன்காரன் உப்பிடி உடுப்பு இல்லாமல் வருவானே? பார் அந்தச் சப்பாத்தை."

"குளிருக்குள்ள மனுசன் சண்டை பிடிப்பானே? இஞ்ச பஸ்ஸுக்கு நிக்கவே ஏலாமல் கிடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்ரியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. பிறகு அவர் உதடுகள் அசையத் தொடங்கின. திரையில் பெடியன் சொல்வதை எல்லாம் சத்தமில்லாமல் கூடவே சொன்னார். பகிடி பேசியவர்கள் அதைப் பார்த்து மெல்ல அடங்கினார்கள்.

பெடியன் புறப்படுகிற இடத்தில் அந்தப் பாட்டு வந்தது. ரயில் நகர்கிறது. யன்னலால் கையை நீட்டிக்கொண்டு பாடுகிறான்: "அன்னா கேத்தெசி." கீழே ஓடிவரும் தாய் அந்தக் கையைப் பிடிக்கிறாள். அப்போது எனக்குப் பளிச்சென்று விளங்கியது, பாட்டில் ஒருவரும் யாருடைய அண்ணனையும் கூப்பிடவில்லை, கேத்தெசி என்று கையைத்தான் கேட்கிறார்கள் என்று. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கையைப் பார்க்கவில்லை.

கனநேரம் சண்டை நடந்தது. பிறகு வீடு வந்தது. தாய் பால் வாளியோடு முற்றத்தில் நிற்கிறாள். தூரத்தில் மரங்களுக்கு நடுவே கறுப்பு அங்கியோடு ஒருவர் ஸ்னோவுக்குள் நடந்து வருகிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்.

"பாதர் வாறார்," என்றார் அம்மா.

மரங்களைத் தாண்டி அவர் முற்றத்தை நோக்கித் திரும்பினார்.

"ஏன் பாதர் இப்பிடி மெதுவா வாறார்?"

அரை மணித்தியாலத்துக்கு முன் சப்பாத்தைப் பற்றிக்கூடச் சண்டை போட்டவர்கள் எல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கசெட் அண்ணை தன் கைநகத்தைப் பார்த்தார். அப்பா சுவரை விட்டு விறுவிறென்று வந்து, என்னைத் தாண்டி, டெக்கை நிற்பாட்டினார். திரை நீலமானது.

"நேரமாச்சு. வீட்டை போவம்."

"பொறுங்கோ. பாதர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

"பேந்து பாக்கலாம், எழும்பு."

அம்மா எழும்பவில்லை. ஹோலில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக அப்பாவிடம் வந்தார்.

"இஞ்சருங்கோ. எங்கட பாதருக்கும் தெரியுமோ?"

"நத்தார் கழியட்டும் எண்டு..." என்று இழுத்தார் அப்பா.

"எப்ப?"

பதில் சொன்னது கசெட் அண்ணை. "ஐப்பசியில, அக்கா. ஷெல் விழுந்ததாம். கடைக்குப் பாண் வாங்கப் போன இடத்தில. என்ர விலாசத்துக்குத்தான் கடிதம் வந்தது."

அம்மா கத்தவில்லை. தன் கோட்டை எடுத்துப் போட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். எனக்கு அண்ணா செத்துப்போனதை யாரும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அன்ரி என் தோளைத் தொட்டார். "அவர்களுக்குப் படம் பிடிக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணா என்பதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும். செத்துப்போவதற்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"பிடிச்சிருக்கு," என்றேன்.

நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கழியட்டும் என்ற அந்த முடிவை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வரும். அப்பா, பாதர், கசெட் அண்ணை, நிலத்தில் இருந்தவர்கள், எல்லாரும் கூடி ஒரு தாய்க்கு ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கடன் வாங்கிக் கொடுத்ததாக நினைத்திருக்கிறார்கள். அந்த ஆறு கிழமையும் அம்மா கோட்டு வாங்கினார், யன்னலில் நின்றார், குழாயில் காதைச் சுட்டுக்கொண்டார். சொல்லியிருந்தால் அழுதிருப்பார், நானும் கூட இருந்து அழுதிருப்பேன். அப்பாவைக் கேட்டிருந்தால், தனக்கும் ஆறு கிழமை தேவைப்பட்டது என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகுதான் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் ஆட்கள். படிக்கட்டில் ஈரச் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. நத்தார் கொண்டாட வருகிறார்கள் என்று நினைத்த அன்ரி, மேலே ஏறியவர்களை எல்லாம் பார்த்து "மெரி கிறிஸ்மஸ்" என்றார். செபமாலை சொன்னார்கள், கோப்பி குடித்தார்கள், ஊர்ச் சண்டையைப் பற்றிக் கதைத்தார்கள். சண்டையில் முன்னால் நின்று செத்தவர்களுக்குப் பாட்டுகள் இருந்தன, அவர்களின் படங்களுக்கு மாலை இருந்தது. பாண் வாங்கப் போனவனுக்கு ஒன்றும் இல்லை. நான் குழாயடியில் இருந்தேன். ஒருவரும் என்னிடம் வந்து ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளைக்கு விளங்காது என்று நினைத்தார்கள். அந்தத் தனிமை பழகிவிட்டது, இப்போது புரோசார்டில் நான் தனியாக இருக்கும் வீட்டிலும் அது புதிதாகத் தெரிவதில்லை.

நீலக் கோட்டைக் கோயில் பேஸ்மென்றுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். தை மாதம் பூசையில் வேறொரு பெடியன் அதைப் போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு அது பெரிதாகத்தான் இருந்தது.

பதிந்த படமும் அப்பா நிற்பாட்டிய இடத்தோடு நின்றுபோயிற்று. பாதர் படலை வாசலுக்கு வர, தாய் வாளியைக் கீழே வைக்கக் குனிகிறாள். அதோடு நீலம். திரும்பப் பதிந்து தருவதாகக் கசெட் அண்ணை எத்தனையோ தரம் சொல்லியும் அன்ரி கேட்கவில்லை. "மிச்சம் எனக்குத் தெரியும்," என்றார். வருடா வருடம் யன்னலில் இரண்டு மெழுகுதிரி ஏற்றி, அந்த இடம் வரைக்கும் பார்த்துவிட்டு எழும்பிவிடுவார்.

அந்த வருடம் நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு, ஆட்கள் வருவது குறைந்த பிறகு, அம்மா பாட்டுக் கசெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் போனேன்.

"நான் இங்கிலீசில சொல்லட்டே, அம்மா?"

"வேண்டாம். நான் சொல்லுறன். அவவுக்கு அந்தச் சொல் தெரியும்."

அன்ரி கதவைத் திறந்து, கோப்பி போட அடுப்படிக்குத் திரும்பினார். அம்மா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கசெட்டை நீட்டினார். அன்ரி வாங்கிக்கொண்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒரே ஒரு தரம் சொன்னார்.

"அண்ணா."

அன்ரி குழம்பிப்போனார். கையில் இருந்த கசெட்டைப் பார்த்து அதையே திருப்பி நீட்டினார். அம்மா தலையாட்டி மறுத்தார். "அண்ணா," என்றார் மறுபடி. இரண்டு கிழமையாக வெளியே வராதது எல்லாம் அந்த ஒரு சொல்லோடு வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா... அண்ணா..." என்று அழுதார். அன்ரி பதறிப்போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கோப்பிப் பேணி, தையல் பெட்டி, யன்னலில் எரிந்து முடிந்த மெழுகுதிரிக் கட்டைகள். கொடுக்க ஒன்றுமில்லை. கசெட்டை மேசையில் வைத்தார். பிறகு இரண்டு வெறுங்கையையும் அம்மாவை நோக்கி நீட்டினார்.

"கேத்தெசி?" என்றார், கேள்வியாக.

அம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். கோப்பி பொங்கி அடுப்பில் வழியும் வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள். இரண்டு பேரும் சொன்னது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்தி. கதவுக்கு வெளியே, படிக்கட்டில், என் கையுறைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி மேலே ஏறும்போது அம்மா நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். அந்த மாரி தொடங்கிய பிறகு முதல் தடவையாக என் தலையைத் தடவினார்.

"பாத்தியே, அவவுக்கு விளங்கீற்று. கேட்டாச்சு எண்டு சொன்னவ. நீயும் கேட்டனி தானே?"

"ஓம் அம்மா," என்றேன். "கேட்டாச்சு."